ரோமத் தங்கக் காசைப் பார்த்ததும் அவசரப்பட வேண்டாம்

ரோமப் பேரரசின் தங்கக் காசுக்கு ஆரெயஸ் என்று பெயர். ஒன்றுக்கு 25 தெனாரியஸ் வெள்ளிக் காசுகள் ஈடு. அதில் ‘சீசர்’ என்ற எழுத்தைக் கண்டதுமே ஜூலியஸ் சீசர் என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது குடும்பப் பெயராக இருந்து பட்டமாக மாறியது. அகஸ்டஸ், நீரோ, வெஸ்பாசியன் என்று பேரரசர்கள் எல்லோர் காசிலும் வரும். எழுத்தை முழுச் சுற்றும் படித்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

படிக்கும்போதும் கவனம் வேண்டும். ‘திவுஸ்’, ‘திவா’ என்று இருந்தால், இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவர் என்று பொருள். பேரரசர் அன்டோனினஸ் பயஸ் தன் மனைவி ஃபவுஸ்தினா இறந்த பிறகும் பல ஆண்டுகள் அவர் முகத்தோடு காசு அடித்தார். அவற்றை அவர் வாழ்ந்த காலத்துக் காசு என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் ‘திவி எஃப்’ என்றால் தெய்வத்தின் மகன். உயிரோடு இருந்த அகஸ்டஸே தன்னை அப்படித்தான் பொறித்துக்கொண்டார்.

முகத்தை வைத்து வயதைக் கணிப்பதும் சரிவராது. அகஸ்டஸ் கி.பி. 14இல் தம் 76ஆவது வயதை ஒட்டி இறந்தார். காசில் கடைசிவரை இளைஞர்தான். நீரோவோ ஆண்டுக்கு ஆண்டு கழுத்து தடித்துக்கொண்டே போகிறார். எப்படித் தெரிய வேண்டும் என்பது அரசின் முடிவு.

பின்பக்கத்தில் பெண் உருவம் இருந்தால் உடனே ராணி என்கிறார்கள். பெரும்பாலும் அவை பெண் வடிவம் கொடுக்கப்பட்ட கருத்துகள். கையில் இருப்பதைப் பாருங்கள்: தராசு என்றால் நேர்மை, பாம்புக்கு உணவூட்டினால் நலம், சிறகும் மாலையும் என்றால் வெற்றி. பேரரசர் திபேரியஸின் காசில் செங்கோலோடு அமர்ந்திருக்கும் பெண்ணை அவர் தாய் லிவியா என்பது பழைய வழக்கம். ஆனால் காசில் லிவியாவின் பெயரே இல்லை. சுற்றியிருப்பது தலைமைப் பூசாரி என்ற திபேரியஸின் பட்டம். தென்னிந்தியாவில் நிறையக் கிடைத்த வகை இது என்பதால் நம் ஆர்வலர்கள் இதில் கூடுதல் கவனம் வைப்பது நல்லது.

எடை குறைந்தால் போலி என்பதும் அவசர முடிவுதான். அகஸ்டஸ் காலத்தில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்ததை நீரோ கி.பி. 64 வாக்கில் சுமார் 7.3 கிராமாக்கினார்.

அப்புறம், முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்த காசை ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்காதீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவை அப்படி வேண்டுமென்றே வெட்டப்பட்டவை. இங்கே வந்த காசை அதை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த வெட்டுதான் சாட்சி.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்க்கவே வேண்டாம். மெல்லிய கோடுகள் தேய்ந்தால் திரும்பாது. நிலத்தில் கிடைத்த காசு என்றால் நகைக்கடைக்குப் போகாமல் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் அதைத்தான் கேட்கிறது.