சைக்கிள் ஜாம்பவானைப் பற்றிய ஆவணப்படம்: மக்களிடம் பணம் திரட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

1993 ஜூலை 16. நார்வேயின் ஹாமர் நகரில், ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் உலகச் சாதனையை முறியடிக்க முயன்று தோற்றார் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ. மறுநாள் காலையே மீண்டும் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். தசைகள் இறுகிவிடக் கூடாதென்று அன்றிரவு நிறையத் தண்ணீர் குடித்தார். சிறுநீர் முட்டி விழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து கால்களை நீட்டிவிட்டுப் படுத்தார். காலையில், தானே உருவாக்கிய, வாஷிங் மெஷின் பேரிங் பொருத்திய ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ சைக்கிளில் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் வைத்திருந்த 51.151 வீழ்ந்தது. ஆறே நாளில் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மேன் 52.270 ஓட்டி அந்தச் சாதனையையும் பறித்துக்கொண்டார்.

இப்படியொரு கதை கையில் இருந்தால் பணம் தானாக வந்து குவியும் என்று தோன்றும். முதல் தவறே அதுதான். வீரருக்கு இருக்கும் பெயர் வேறு, உங்கள் படத்துக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் கூட்டம் வேறு. ஓப்ரீயை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 90களில் பிரிட்டனின் டைம் டிரையல் பந்தயங்களை, அதாவது ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டும் பந்தயங்களைப் பார்த்தவர்கள், அவற்றில் ஓட்டியவர்கள். அவர்களைத் தேடினால் ஊர்தோறும் இருக்கும் சைக்கிள் கிளப்புகளுக்குத்தான் போக வேண்டும். பணம் திரட்டும் இணையப் பக்கம் திறந்த அன்று அவர்களுக்கு முதல் கடிதம் போட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இணையத்தில் மக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசாவும் கைக்கு வராது. அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். வரும் பணத்தில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலும் கடைசி சில நாள்களிலும்தான் வரும். ஆகவே முதல் நாளில் யார் யார் கொடுப்பார்கள் என்ற பட்டியல் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அறிமுகக் காணொளியில் சாதனை எண்களை அடுக்குவதும் பலர் செய்வதுதான். அந்த எண்களை ரசிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவருக்கோ 51.596 என்பது வெறும் எண். அந்த பேரிங்கைக் காட்டுங்கள். கைகளை மார்புக்கடியில் மடக்கி, கைப்பிடியின் மேல் கவிழ்ந்து ஓட்டும் அவருடைய விசித்திரமான நிலையைக் காட்டுங்கள். 1994இல் உலக சைக்கிள் சம்மேளனம் அந்த நிலையைத் தடை செய்தது. அவர் கைகளை முன்னால் நீட்டி ஓட்டும் ‘சூப்பர்மேன்’ நிலையைக் கண்டுபிடித்து, 1995இல் மறுபடி உலக சாம்பியன் ஆனார். சைக்கிளே ஏறாதவருக்கும் இது புரியும்.

இனி பணம். நான் பார்த்தவரை ஆவணப்படங்கள் முங்கிப்போவது இங்கேதான். கேமரா, பயணம், தங்கும் செலவு, எடிட்டர் சம்பளம் என்று கணக்குப் போட்டு, அதையே இலக்குத் தொகையாக வைத்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற வீரரைப் பற்றிய படத்தில் உயிர் இருப்பது பழைய பந்தயக் காட்சிகளில். ஹாமரில் அவர் ஓட்டிய அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் மறுபடி படம்பிடிக்க முடியாது. அந்தக் காட்சி யாரோ ஒரு தொலைக்காட்சிக்கோ பந்தய அமைப்பாளருக்கோ சொந்தம். யூடியூபில் கிடைக்கிறது என்பதால் இலவசம் ஆகிவிடாது. அதை ஏற்றியவருக்கே உரிமை இல்லாதிருக்கலாம்.

கட்டணத்தை விநாடிக் கணக்கிலோ நிமிடக் கணக்கிலோ கேட்பார்கள். எந்தெந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகளுக்கு, திரையரங்கா தொலைக்காட்சியா இணையமா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஒரு பேச்சுக்கு விநாடிக்கு 30 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் என்றால் 480 விநாடி, 14,400 பவுண்டு! செலவைக் குறைக்கத் திரைப்பட விழாக்களுக்கு மட்டும் உரிமை வாங்குவார்கள். பிறகு ஒரு ஓடிடி நிறுவனம் கேட்கும்போது, உலகம் முழுவதற்குமான உரிமைக்குக் கையில் பணம் இருக்காது. முடிந்த படம் முடிந்தபடியே கிடக்கும். எனவே பக்கம் திறப்பதற்கு முன்பே காட்சிகளின் உரிமையாளர் யார் என்று கண்டுபிடியுங்கள். விழாவுக்கு எவ்வளவு, முழு உரிமைக்கு எவ்வளவு என்று இரண்டு விலையும் எழுத்தில் வாங்குங்கள். பாட்டு சேர்த்தால் அதற்கும் இரண்டு உரிமைகள் உண்டு: பாடலை இயற்றியவரிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரரிடம் இன்னொன்று. ஒன்றை மட்டும் வாங்கினால் போதாது.

திரட்டிய தொகை முழுவதும் கைக்கு வராது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. சிலருடைய அட்டையில் கடைசி நேரத்தில் பணம் இருக்காது. இதற்கு மேல், பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் பரிசுப் பொருள்களின் செலவும் இருக்கிறது. டி-சர்ட், போஸ்டர், டிவிடி என்று அள்ளி வீசாதீர்கள். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் சிறு பார்சலுக்கும் வரி உண்டு. லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஒரு டி-சர்ட் அனுப்பினால்கூட, வாங்குபவர் வரி கட்டும்படி ஆகலாம். போதாததற்கு, வீரரின் முகத்தைத் துணியில் அச்சிட அவருடைய சம்மதமும் வேண்டும். படத்தின் முடிவில் பெயர், சிறு திரையிடலுக்கு அழைப்பு, படத்தில் வெட்டப்பட்ட நேர்காணலின் முழு வடிவம் போன்ற தபால் செலவில்லாத பரிசுகளே நல்லது. லாபத்தில் பங்கு தருகிறோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது முதலீட்டுச் சட்டத்துக்குள் போய்விடும்.

‘அடுத்த மார்ச்சில் எல்லோருக்கும் இணையத்தில் படம்’ என்று தேதி குறிப்பதும் ஆபத்து. முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் பல. தொலைக்காட்சிகளும் அப்படியே. விழாச் சுற்று முடிந்த பிறகுதான் படத்தைப் பார்க்கும் இணைய இணைப்பு வரும் என்று முதலிலேயே சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. ஓப்ரீ தன் மனச்சோர்வைப் பற்றியும் உயிரை விட முயன்றதைப் பற்றியும் தானே வெளிப்படையாக எழுதியவர். அவரைப் பற்றிய படத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் நிதி கேட்கும் காணொளியின் முதல் காட்சியாக அதை வைப்பது கொடுமை. ஒரு மனிதரின் இருண்ட நாள்களைக் காட்டிப் பணம் கேட்பதாகிவிடும். வாழும் வீரர் என்றால் எதைச் சொல்லலாம், எதை எங்கே சொல்லலாம் என்று அவரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். இறுதி எடிட் யார் கையில் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். வாய்ச் சம்மதத்தை நம்பிப் பணம் திரட்டி, பாதியில் அவர் விலகிக்கொண்டால், கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்வது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் சிறு தொகை கொடுத்த ஒரு படத்திலிருந்து பதினான்கு மாதம் ஒரு வரிகூட வரவில்லை. படம் தாமதமானதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மௌனம்தான் உறுத்தியது. மாதம் ஒருமுறை நான்கு வரி எழுதினால் போதும். காட்சி உரிமைக்குப் பேரம் நடக்கிறது, எடிட்டர் மாறிவிட்டார், இன்னும் 3,000 பவுண்டு குறைகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். குறைகிற பணத்தை அனுப்புவதும் பெரும்பாலும் முதலில் கொடுத்த அதே ஆட்கள்தான்.