மடையை இப்போது யார் திருப்புகிறார்? குடும்பக் கதை எழுத ஒரு வழி

அன்பு, குடும்பம், நம்பிக்கை, இழப்பு நான்கையும் வைத்து ஒரு சிறுகதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வருவது அழுகைதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இறந்த வருஷம் நான் எழுதிய கதையில் மூன்று பக்கத்துக்கு எல்லோரும் அழுதார்கள், மழை பெய்தது, கடைசியில் விளக்கு அணைந்தது. படித்துவிட்டு அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான்: "இதுல அப்பாயி எங்கடா?"

இல்லைதான். வெற்றிலை இடிக்கிற அந்தச் சின்ன உரல் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காப்பரிசி கலக்கும்போது வெல்லம் போதுமா என்று தெருவில் போகிற பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுமே, அது இல்லை. யார் வீட்டு அப்பாயியாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

அப்புறம் நான் பிடித்துக்கொண்ட வழி இது. போனவர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். அந்த வேலையை இப்போது யார் செய்கிறார் என்று எழுதுங்கள். காவிரி டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை, நாற்றங்காலுக்குக் காவல், களத்தில் நெல் காயப்போடுவது, மாட்டுக்கு வைக்கோல் உதறுவது என்று வீட்டில் ஆளுக்கொரு வேலை இருக்கும், ஒருவர் போனால் அந்த வேலை அப்படியே நிற்கும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை ஊர், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், இவர்கள் வாய்க்காலுக்கு முறை வருவது ராத்திரியில். கணவர் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக மடை திருப்ப, அதாவது வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிட, போவார். மனைவி சரோஜா பார்த்துப் போங்க என்றுகூடச் சொல்ல மாட்டாள், கொல்லை லைட்டை மட்டும் அணைக்காமல் படுப்பாள். வரப்பில் திரும்பி வருகிறவர் அந்த லைட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வழி பிடிப்பார். இருவருக்கும் நடுவில் இருந்த அன்பைச் சொல்ல இது போதும், இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் கெட்டுப்போகும்.

அவர் இறந்துவிட்டார். சாவு வீட்டை எழுதாதீர்கள், பதினாறாம் நாள் காரியத்தையும் எழுத வேண்டாம், அங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அடுத்த முறை வருகிற ராத்திரியை எழுதுங்கள். முதலில் கைக்கு வருவது "கணவனை இழந்த துயரம் நெஞ்சை அடைக்க அவள் இருளில் தனியே நடந்தாள்" என்பதுதான். எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அப்புறம் இப்படி:

"மண்வெட்டிக் காம்பு அவர் உயரத்துக்குப் போட்டது. நாலு வெட்டு வெட்டியதும் சரோஜாவுக்குத் தோள் கடுத்தது. மடையை அடைத்திருந்த வைக்கோலையும் சேற்றையும் காலால் தள்ளினாள். தண்ணீர் வயலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்தாள். கொல்லையில் லைட் இல்லை. போட்டு வைக்க வீட்டில் யாரும் இல்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். லைட் இல்லை என்று சொன்னவுடனே படிக்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, அதற்குமேல் விளக்கினால் அவர் கையில் இருந்ததை நாம் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். என் கதைகளில் நான் அதிகம் வெட்டியது இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான்.

பேச்சு வருகிற இடத்தில் யாரும் தன் மனதை விளக்கக் கூடாது. மகன் திருப்பூரிலிருந்து போன் பண்ணுகிறான்.

"ஏம்மா, பேசாம குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துடேன்."

"நாளைக்கு முறை நம்மளுது. நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். வர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அவனுக்கும் புரிந்துவிட்டது. நம் வீடுகளில் சாப்பிட்டியா என்ற கேள்விக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பேச்சை மட்டும் காதால் கேட்டு எழுதுங்கள், அப்பாயி அம்மாயி என்று கூப்பிடுகிற வீட்டில் திடீரென்று பாட்டி என்று எழுதினால் அந்த வீடே பொய்யாகிவிடும்.

நம்பிக்கைக்கு ஒரு தேதி வேண்டும். நல்ல காலம் வரும் என்று எழுதுவதில் பயனில்லை, எந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை வாய்க்கால் எல்லாம் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர அதற்கு மேல் எத்தனையோ நாள் ஆகும். விதை நெல் மூட்டை திண்ணையில் இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று, தண்ணீர் இன்னும் வரவில்லை: உங்கள் கதை நடக்கிற காலம் இந்த இடைவெளிதான். 2023-இல் ஜூன் 12-க்கே அணையைத் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை நெல் பல ஊர்களில் காய்ந்தது. தேதி சரியாக வந்தும் ஏமாந்த வருஷம் அது. வராமலே போன வருஷத்தைவிட அது கொடுமையான கதை என்று நினைக்கிறேன்.

ஆடிப்பெருக்கில் இன்னொரு கதை இருக்கிறது. கல்யாண மாலைகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அன்றைக்கு ஆற்றில் விடுவார்கள். ஆறு மணலாகக் கிடந்த வருஷங்களில் அடிபம்புத் தண்ணீரில் படைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. விட முடியாத அந்த மாலை ஆணியில் ஒரு மஞ்சள் பையில் தொங்கிக்கொண்டே இருக்கிறது, மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் போய்விட்டான், அடுத்த ஆடிக்குத் தண்ணீர் வருகிறது, மாலையை யார் எடுத்துப் போகிறார்? முடிந்தால் இதை நீங்களே எழுதிப் பாருங்கள்.

பெரிய துயரத்தை எழுதும்போது ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தோப்பு முழுவதையும் எழுத வேண்டாம். கிணற்றடியில் விழுந்த ஒரு மரம், அதில் கொடி கட்டித் துணி காயப்போட்ட அம்மா, இப்போது ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று நிற்கிறார். நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், கொடி கட்டவும் அதுவரை பொறுக்க வேண்டும்.

அளவைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், ஒரு ராத்திரி, இரண்டு ஆட்கள், ஆயிரம் வார்த்தை என்று ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

சரோஜா கதையை எப்படி முடிப்பது? இரண்டாவது முறை வருகிறது. டார்ச்சை எடுக்கிறாள், மண்வெட்டியை எடுக்கிறாள், காம்பை ஒரு சாண் அறுத்துக் குறைத்திருக்கிறாள். கிளம்பும்போது கொல்லை லைட்டைத் தானே போட்டுவிட்டுப் படி இறங்குகிறாள். அங்கே நிறுத்திவிடுங்கள். ஏன் போட்டாள் என்று எழுதாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நல்லா இருக்கு என்று சொன்னால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. நான் இதை அம்மாவிடம் படித்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "காம்ப அறுத்துட்டாளே, மிச்சத் துண்ட என்ன பண்ணுனா?"