லைக் வந்துட்டா சிமிலியா? இங்கிலீஷ் பாடத்துல பசங்க பண்ற தப்புங்க

அம்மாபேட்டைல எங்க வீட்டு மொட்டமாடில தான் டியூஷன், பிளஸ் ஒன் பிளஸ் டூ பசங்க வருவாங்க, போன வாரம் ஒருத்தன் நோட்ட திருத்தும்போது சிரிப்ப அடக்க முடியல. 'ஐ லைக் மேங்கோஸ்'ங்கற வரிக்கு கீழ கோடு போட்டு சிமிலின்னு, அதாவது உவமைன்னு, எழுதி வெச்சிருக்கான். ஏன்டான்னா, "அதான் லைக் வருதே மிஸ்"ங்கறான். சேலத்துக்காரனுக்கு மாம்பழம் புடிக்கும்ங்கறதுல எங்கடா அணி இருக்கு?

லைக், ஆஸ் ரெண்டையும் கண்ணுல பாத்த உடனே சிமிலின்னு எழுதறது தான் மொத தப்பு. 'மலை ஏறும்போது மழ வந்துச்சு'ன்னு இங்கிலீஷ்ல சொன்னாலும் ஆஸ் வரும், அதுல ஒப்பீடே கெடையாது. சரி, 'மாதிரி'ங்கற அர்த்தத்துலயே வந்தாலும் பத்தாது, 'தம்பி அண்ணன் மாதிரி இருக்கான்'னா அது சும்மா சாடை சொல்றது. 'ஓடைத் தண்ணி கொலுசு மாதிரி சத்தம் போடுது'ன்னா தான் சிமிலி, ஏன்னா தண்ணியும் கொலுசும் சம்பந்தமே இல்லாத ரெண்டு பொருள், சத்தம் மட்டும் தான் ஒத்துப்போகுது. 'சேலம் வெயில் தோசக்கல்லு மாதிரி' சிமிலி, 'சேலம் வெயில் ஒரு தோசக்கல்லு' மெட்டாஃபர், அதாவது உருவகம்.

தமிழ் நல்லா படிக்கற பசங்க தான் இந்த எடத்துல மாட்டுவாங்க. அகர முதலன்னு தொடங்கற குறள்ல போலங்கற உருபு இருக்காது, ஆனாலும் எடுத்துக்காட்டு உவமையணின்னு படிச்சிருப்போம். அத மனசுல வெச்சுக்கிட்டு லைக்கும் ஆஸும் இல்லாத வரிய கூட சிமிலின்னு எழுதிடுவாங்க. இங்கிலீஷ்ல அந்த மறைஞ்ச உருபு கணக்கு செல்லாது. அதே மாதிரி ரைம்னா எதுகைன்னு ஒருத்தி எழுதி வெச்சிருந்தா. ஆனா எதுகை ரெண்டாவது எழுத்து ஒத்து வர்றது, ரைம் வரிக்கடைசில வர்றதுங்கறதால நம்ம இயைபுக்கு தான் கிட்ட.

ரைமுக்கும் அலிட்ரேஷனுக்கும் (பக்கத்து பக்கத்து வார்த்தைங்க ஒரே சத்தத்துல தொடங்கறது) எழுத்த பாக்காதீங்க, வாய் விட்டு படிங்க. லவ், மூவ் ரெண்டுக்கும் கடைசி மூணு எழுத்து ஒண்ணு தான் ஆனா சத்தம் வேற, சிட்டி (city), கேட் (cat) ரெண்டும் ஒரே எழுத்துல தொடங்குது ஆனா அலிட்ரேஷன் இல்ல. நைஃப்ல கே எழுத்து ஊமை, அதனால நைஸ் நைஃப் அலிட்ரேஷன் தான். தமிழ்ல பாத்த எழுத்த அப்படியே படிச்சு பழகின நமக்கு இது கொஞ்சம் கஷ்டம் தான்.

பெர்சானிஃபிகேஷன்னா மனுசன் இல்லாதத மனுசன் மாதிரி காட்டறது, அதுல சூரியன் உதிக்குது, காத்து அடிக்குதுன்னு சாதாரணமா பேசறத எல்லாம் சேத்துக்காதீங்க. பனி ஏற்காட்ட கட்டிப்புடிச்சு தூங்குதுன்னா சரி.

செட்டிங்னா ஊர் பேர மட்டும் எழுதறாங்க. நேரம், காலம், சூழ்நிலை எல்லாமே செட்டிங் தான். ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு, நடு ராத்திரி, முன்னாடி போற வண்டி தெரியாத பனி, அதுல ஒரு கத நடக்குதுன்னு வைங்க, அதே கதைய அஞ்சு ரோட்டு சிக்னல்ல மத்தியானம் 12 மணிக்கு வெச்சு பாருங்க, பயம் போயிடும்ல, அந்த வித்தியாசத்த எழுதணும். தீமுக்கு கதைச்சுருக்கம் எழுதறதும் தப்பு, 'படிப்பு'ன்னு ஒத்த வார்த்த எழுதறதும் தப்பு. எஸ்டேட் தொழிலாளி பொண்ணு காலேஜுக்கு சேலம் வந்துட்டு லீவுக்கு திரும்பி போனா வீடே அந்நியமா தெரியுதுன்னு ஒரு கத இருந்தா படிப்பு அதோட டாப்பிக், படிப்பு குடுக்கறதோட சேத்து எதையோ பறிக்கவும் செய்யுதுன்னு சொல்றது தான் தீம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு கோவம் வர்றது வெறும் பேர எழுதிட்டு போறதுல தான். பிளஸ் டூல ஷேக்ஸ்பியரோட உலகமே நாடக மேடை பாட்டுல நத்தை மாதிரி ஊர்ந்து ஸ்கூலுக்கு போற பையன் வருவான். சிமிலின்னு மட்டும் எழுதினா என்ன புரிஞ்சுது? எத எதோட ஒப்பிட்டாரு, எதுக்குன்னு சொல்லணும், அவனுக்கு ஸ்கூலுக்கு போக மனசே இல்ல அதான் நத்தை. உவமானம் உவமேயம்னு தமிழ் பரீட்சைல பிரிச்சு எழுதறவங்க தான இங்க மட்டும் ஏன் சோம்பல்?

அதே பாட்டுல இன்னொண்ணு, 'கடைசில மனுசனுக்கு பல்லு கண்ணு எதுவும் மிஞ்சாதுன்னு ஷேக்ஸ்பியர் சொல்றார்'னு எழுதுவாங்க. சொல்றது அவர் இல்ல, இந்த பாட்டு வர்ற 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்துல இத பேசற ஜேக்விஸ்ங்கற கேரக்டர், எப்பவும் சோகமா பேசற ஆளு. அவன் பேசி முடிச்ச உடனே ஒரு வாலிபன் நடக்க முடியாத தன்னோட வயசான வேலைக்காரர தூக்கிட்டு உள்ள வர்றான், உக்கார வெச்சு அவருக்கு சாப்பாடு குடுக்கறாங்க. வயசானா எதுவும் மிஞ்சாதுன்னு அவன் சொன்னதுக்கு அந்த காட்சியே எதிரா நிக்குது, அப்புறம் அத ஷேக்ஸ்பியரோட கருத்துன்னு எப்படி எழுதறது?