போக்கரில் ஜெயித்ததும் தோற்றதும்: வருமான வரிக் கணக்கு படிப்படியாக

“அக்கா, ரெண்டு வருசத்தயும் சேத்துப் பாத்தா எனக்கு நட்டந்தான். அப்புறம் எதுக்கு வரி?”

தங்கச்சிமடத்தில் நான் வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கு ஒரு தம்பி மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து கேட்டது இது. விசைப்படகு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும். முந்தைய தடைக்காலத்தில் கையில் வேலை இல்லாமல் போனில் போக்கர் ஆடியிருக்கிறார். இவரைப் போலப் பாம்பன், மண்டபம் பக்கமிருந்தும் சிலர் வருகிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைப் பெரிய தளங்கள் நிறுத்திவிட்டன. ஆட்டம் நின்றாலும் அதுவரை வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். 2025-26 நிதியாண்டுக்குப் பழைய 1961 சட்டத்தின் பிரிவு எண்களே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு எண்கள் மாறும்.

படி 1: எந்த வகைப் பணம் என்று பிரியுங்கள்

ஆன்லைனில் ஆடி வந்தது 115பிபிஜே பிரிவு. நேரில் உட்கார்ந்து சீட்டாடியோ, கோவா கேசினோவிலோ ஜெயித்தது 115பிபி. இரண்டுக்கும் வரி 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி), ஆக 31.2 சதவீதம். சட்டவிரோதமான ஆட்டத்தில் வந்த பணத்துக்கும் வரி உண்டு.

படி 2: தாள்களைச் சேருங்கள்

வருமான வரி இணையதளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தார்கள் என்பது அதில் இருக்கும். பிறகு ஆடிய தளத்தின் வரவு செலவு விவரம். அது கிடைக்கிறபோதே எடுத்து வையுங்கள். மூடிய தளத்திடம் பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

பேங்க் பாஸ்புக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிடித்தது போக மிச்சம்தான் அதில் ஏறியிருக்கும்.

படி 3: கூட்டிக் கழியுங்கள்

ஆன்லைன் ஆட்டத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. வருடம் முழுக்க எடுத்த பணத்தோடு மார்ச் 31 அன்று கணக்கில் கிடந்த இருப்பைக் கூட்டுங்கள். அதிலிருந்து நீங்கள் போட்ட பணத்தையும், ஏப்ரல் 1 அன்று இருந்த தொடக்க இருப்பையும் கழியுங்கள். வருவதுதான் நிகர வெற்றித் தொகை. தளம் கொடுத்த போனஸ் உங்கள் கைக்காசு அல்ல, அதைப் போட்ட பணத்தில் சேர்க்காதீர்கள். ஆடாமல் அப்படியே திரும்பி வந்த டெபாசிட்டுக்கு வரி கிடையாது. இந்தச் சூத்திரத்தில் அது தானாகவே கழிந்துவிடும்.

அந்தத் தம்பியின் 2025-26 கணக்கு இது. போட்டது 60,000. எடுத்தது 95,000. இரு இருப்பும் பூஜ்யம். ஆக நிகரம் 35,000. தளம் 30 சதவீதமாக 10,500 பிடித்துக்கொண்டு 84,500 மட்டும் பேங்குக்கு அனுப்பியிருக்கிறது. அவரோ 84,500-இல் 60,000 போக 24,500 ஜெயித்ததாக எழுதி வைத்திருந்தார். பிடித்த வரியும் அவர் வருமானம்தான். 35,000 என்றே காட்டவேண்டும். மொத்த வரி 10,920. டிடிஎஸ்ஸில் செஸ் சேராது என்பதால் 420 ரூபாய் அவர் கட்ட வேண்டியிருந்தது.

படி 4: தோற்ற காசு

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். தம்பி 2024-25-இல் 80,000 போட்டு 30,000 மட்டும் எடுத்திருந்தார். நட்டம் 50,000. அடுத்த வருடம் 35,000 ஜெயித்தும் மொத்தத்தில் 15,000 போய்விட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை.

படகுக் கணக்கில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்த பிறகே பங்கு பிரிப்போம். அந்தப் பழக்கத்தில்தான் அவர் கேட்டார். சூதாட்டப் பணத்துக்குச் சட்டம் அந்தக் கணக்கை ஏற்காது. ஆன்லைனில் ஒரே வருடத்துக்குள் போட்டதும் எடுத்ததும் படி 3-இல் நேர்பட்டுவிடும், அவ்வளவுதான் சலுகை. போன வருட நட்டத்தை இந்த வருடத்துக்குக் கொண்டுவர முடியாது. சம்பளத்திலோ மீன் வியாபார லாபத்திலோ கழிக்கவும் முடியாது. நேரில் ஆடுகிறவர்களுக்கு இன்னும் கடுமை: கோவாவுக்குப் போன டிக்கெட், ரூம் வாடகை எதையும் செலவாகக் காட்ட முடியாது.

‘நட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் யூடியூப் வீடியோக்கள் பல அமெரிக்காவுடையவை. அங்கே ஜெயித்த தொகையின் அளவு வரை தோற்றதைக் கழிக்கலாம், 2026 முதல் தோற்றதில் 90 சதவீதம்தான். அதைப் பார்த்து இங்கே படிவம் நிரப்பினால் நோட்டீஸ் வரும்.

‘12 லட்சம் வரை வரி இல்லையே’ என்ற நம்பிக்கையும் வேண்டாம். புதிய வரி முறையில் அந்தத் தள்ளுபடி இந்த 30 சதவீத வருமானத்துக்குப் பொருந்தாது. அடிப்படை விலக்கும் கிடையாது. கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தத் தொகைக்கு வரி வரியே. வீட்டில் கடன் இருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனத்துப்போகிறது. தெரியாமல் ரீஃபண்டு வரும் என்று காத்திருப்பதை விடச் சொல்லிவிடுவது மேல்.

படி 5: படிவம்

ஐடிஆர் எனப்படும் வரிக் கணக்குப் படிவங்களில் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் இதற்குச் செல்லாது. சம்பளக்காரருக்கு ஐடிஆர்-2, தொழில் வருமானம் உள்ளவருக்கு ஐடிஆர்-3. ‘இதர வருமானம்’ அட்டவணையில் 115பிபிஜே என்று இருக்கும் இடத்தில் தொகையைப் போடுங்கள். எந்தத் தேதிகளுக்குள் வந்தது என்று காலாண்டு வாரியாகவும் கேட்கும். டிடிஎஸ் 26ஏஎஸ்ஸோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகட்டும்.

ஐடிஆர்-2க்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 1,000, மேலே போனால் 5,000. பழைய வருடங்களில் காட்டாமல் விட்டிருந்தால் பயந்து ஒளிய வேண்டாம். புதுப்பித்த கணக்கை (ஐடிஆர்-யு), மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதம் வரை கூடுதல் வரியோடு தாக்கல் செய்யலாம். அந்தக் கூடுதல், கட்டவேண்டிய வரியிலும் வட்டியிலும் முதல் வருடத்தில் 25 சதவீதம், நான்காவது வருடத்தில் 70 என்று ஏறிக்கொண்டே போகும். சீக்கிரம் வந்தால் உங்கள் காசு மிஞ்சும்.

படி 6: உறுதி செய்தல்

அனுப்பியதோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்யவேண்டும். ஆதாரில் பதிந்த சிம் எந்த போனில் இருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். அந்த போனோடு கடலுக்குப் போய்விட்டால் டவர் கிடைக்காது, ஓடிபியும் வந்து சேராது. படகு ஏறும் முன்பே இதை முடித்துவிட்டுப் போங்கள்.