இக்ஸூபரன்ஸ்: ஒரு மகிழ்ச்சிச் சொல்லை வேரிலிருந்து கற்கும் முறை

ஜாய், மிர்த், க்ளீ, இக்ஸூபரன்ஸ் ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் "மகிழ்ச்சி" என்ற ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கம் எங்கள் தருமபுரிப் பகுதி மாணவர்களிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நான்கில் கடைசிச் சொல்லுக்குத்தான் இதனால் இழப்பு மிகுதி. ஏனெனில் அதன் பொருள் மகிழ்ச்சி என்பதோடு நிற்பதில்லை. அடங்காமல் பெருகி வெளியே வழியும் மகிழ்ச்சி என்பதே அதன் உயிர். அதை உணர்வதற்கு வேரைத் தேடிச் செல்வதே நேர்வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒலியையும் எழுத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். சொல்லை இக்-ஸூ-ப-ரன்ஸ் என்று பிரித்து, இரண்டாம் அசையை அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். எக்ஸ் எழுத்தை அடுத்து யூ எழுத்து வரும். இடையில் எச் வராது. பலர் எச் சேர்த்து எழுதுவதற்கு இக்ஸிலரேட் என்ற சொல்லின் நினைவே காரணமாக இருக்கலாம். அந்தச் சொல்லில் எச் இருப்பதற்குக் காரணம், மகிழ்வான என்று பொருள்படும் ஹிலாரிஸ் என்ற இலத்தீன் சொல் அதனுள் இருப்பதுதான். நம் சொல்லின் வேர் வேறு.

அடுத்து, சொல்லைப் பிரியுங்கள். ஒகேனக்கல் என்ற பெயரைக் கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஹொகெ, கல் என்று பிரித்துப் புகையும் பாறையும் அதில் இருப்பதை உடனே சொல்லிவிடுவார்கள். அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறோம். எக்ஸ் என்றால் வெளியே. ஊபெர் என்றால் பால்மடி. இவற்றிலிருந்து மிகுதியாக விளைதல், நிறைந்து வழிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை பிறந்தது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. விடியற்காலையில் கன்றை ஊட்ட விட்டதும் பசுவின் மடி கனத்துச் சுரந்து, கறக்கக் கை வைப்பதற்கு முன்பே காம்பில் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இச்சொல்லை விளக்க அந்தக் காட்சியைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

பிறகு, இச்சொல்லின் உறவுகளைத் தேடுங்கள். மடியைக் குறிக்கும் அட்டர் என்ற ஆங்கிலச் சொல்லும், ஊதஸ் என்ற வடமொழிச் சொல்லும் இதே மூலத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. மேலே என்று பொருள்படும் ஊபர் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் இந்த இலத்தீன் ஊபெருக்கும் தொடர்பில்லை. அது ஓவர் என்ற ஆங்கிலச் சொல்லின் உறவு. நாம் உண்ணும் ராகிக் களியையும் மகிழ்ச்சியைக் குறிக்கும் களிப்பையும் ஒலியை மட்டும் நம்பி ஒரே வேரில் சேர்ப்பதும் இதே வகைப் பிழையாகும்.

வேர் தெளிந்தபின், இடத்துக்கேற்ற தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செடி கொடிகளைப் பற்றி வந்தால் "செழிப்பு" அல்லது "தழைப்பு" என்றும், பிள்ளைகளைப் பற்றி வந்தால் "துள்ளல்" அல்லது "உற்சாகப் பெருக்கு" என்றும் எழுதலாம். "குதூகலம்" என்பதும் பொருந்தும். அச்சொல் வடமொழியில் அறியும் ஆவலைக் குறித்தது, தமிழில்தான் அது மகிழ்ச்சியின் பக்கம் வந்து சேர்ந்தது. பணத்தைப் பற்றி வரும்போது இச்சொல்லில் எச்சரிக்கையும் கலந்துவிடும். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 1996 டிசம்பர் 5 அன்று ஆற்றிய உரையில், சொத்துகளின் விலையை அளவுக்கு மீறி ஏற்றிவிடும் நம்பிக்கையைக் குறிக்க, அறிவுக்குப் பொருந்தாத என்னும் அடைமொழியுடன் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அங்கே "மகிழ்ச்சி" என்று மொழிபெயர்த்தால் கருத்தே மாறிவிடும்; "மிதமிஞ்சிய நம்பிக்கை" என்பதே பொருந்தும்.

அண்டைச் சொற்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜோவியல் என்பது ஜூபிடர் தெய்வத்தின் பெயர்வழி வந்தது. வியாழன் கோளின் ஆட்சியில் பிறந்தவர் கலகலப்பானவர் என்ற பழைய சோதிட நம்பிக்கை அதற்கு அடிப்படை. க்ளீ என்பது பழைய ஆங்கிலத்தில் கேளிக்கையையும் இசையையும் குறித்தது. எபுலியன்ஸ் என்பதற்குக் கொதித்துப் பொங்குதல் என்பது மூலப்பொருள் என்பதால், தை முதல் நாளில் பானையைச் சுற்றி நிற்கும் நமக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஒன்று அடுப்பில் பொங்குவது, மற்றொன்று மடியில் சுரப்பது என்று நினைவில் வைத்தால் இவ்விரண்டும் குழம்பாது.

இறுதியாக, மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியம், மழைக்குப் பின் கொழுந்து விட்ட கிருஷ்ணகிரி மாந்தோப்பைப் பற்றியது. இரண்டாவது, பள்ளி ஆண்டு விழாவில் மேடையை விட்டு இறங்க மறுக்கும் சிறுபிள்ளைகளைப் பற்றியது. மூன்றாவது, ஒரு பருவத்தில் தக்காளிக்குக் கிடைத்த நல்ல விலையை நம்பி, அடுத்த பருவத்தில் ஊரே தக்காளி நடும் வேகத்தைப் பற்றியது. எழுதி முடித்ததும், ஒவ்வொரு வாக்கியத்திலும் இக்ஸூபரன்ஸ் இருக்கும் இடத்தில் ஜாய் என்பதை வைத்துப் படியுங்கள். பொருள் சிறிதும் குறையவில்லை என்றால், அந்த வாக்கியத்தைத் திருத்தி மீண்டும் எழுத வேண்டும்.