குறைந்த செலவில் எடை குறைந்த டென்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

எடையும் குறைவு, விலையும் குறைவு என்று ஒரு டென்ட் விற்பனைக்கு வந்தால், அதைத் தயாரித்தவர்கள் வேறு எதையோ குறைத்திருக்கிறார்கள். அது உள்ளிடமாக இருக்கலாம், துணியின் தடிமனாக இருக்கலாம், கம்பியின் தரமாகவோ இரண்டாவது கதவாகவோகூட இருக்கலாம். எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தக் குறையோடு உங்களால் இரவைக் கழிக்க முடியுமா என்று முடிவு செய்வதுதான் வாங்குபவரின் வேலை. சில குறைகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சிலவற்றை எவ்வளவு செலவழித்தாலும் சரிசெய்ய முடியாது.

தனியாக நடப்பவருக்கு 1 முதல் 1.5 கிலோ வரையிலான டென்ட் நியாயமான இலக்கு. இருவர் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் 2 கிலோ டென்ட்கூட ஆளுக்கு ஒரு கிலோதான், ஏனென்றால் துணியை ஒருவரும் கம்பிகளையும் முளைகளையும் மற்றவரும் சுமக்கலாம். இதைவிட வெகுவாகக் குறைந்த எடையைத் தேடினால் விலை செங்குத்தாக ஏறும். முதுகுப்பையிலிருந்து தேவையற்ற 300 கிராமை எடுத்து வெளியே வைப்பதற்குச் செலவே இல்லை. அதே 300 கிராமை டென்டில் குறைப்பதற்குத்தான் பணம் அதிகம் ஆகும்.

எடையைப் படிக்கும்போது கவனம் தேவை. பல நிறுவனங்கள் இரண்டு எடைகளைக் குறிப்பிடுகின்றன. உள்கூடாரம், மழை மேலுறை, கம்பிகள் ஆகியவற்றை மட்டும் சேர்த்தது குறைந்தபட்ச எடை. முளைகள், இழுகயிறுகள், பைகள் எல்லாவற்றையும் சேர்த்தது மொத்த எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முதலாவதுதான். முளை இல்லாமல் யாரும் மலையில் டென்ட் அடிப்பதில்லை என்பதால், ஒப்பிடும்போது மொத்த எடையை மட்டுமே ஒப்பிடுங்கள். பொருள் கைக்கு வந்ததும் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

'இருவருக்கானது' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இத்தகைய டென்டுகளின் தரை அகலம் ஏறத்தாழ 130 செ.மீ. வழக்கமான படுக்கைப் பாயின் அகலம் 51 செ.மீ. என்பதால் இரண்டு பாய்கள் அடங்கிவிடும், 64 செ.மீ. அகலப் பாய்கள் இரண்டை விரித்தால் நடுவே விரல்கூட நுழையாது. கால்மாட்டில் ஒடுங்கும் வடிவமாக இருந்தால் 51 செ.மீ. பாய்களே ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். நீளத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தரை 210 செ.மீ. என்று எழுதியிருந்தாலும் சுவர் சாய்ந்து இறங்குவதால், காற்றடைத்த பாயின் உயரத்துக்கு மேலே கிடைக்கும் நீளம் அதைவிடக் குறைவு. சற்று உயரமானவர் உறக்கப்பைக்குள் கால் நீட்டினால் பாதப்பகுதி சுவரில் உரசும். விடியும்போது அந்த இடம் மட்டும் நனைந்திருக்கும். ஆகவே, முடிந்தால் உங்கள் பாயை உள்ளே விரித்துப் படுத்துப் பார்த்து வாங்குங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா என்றும் பாருங்கள். நாள் முழுக்க மழை பெய்தால் உட்காரும் உயரத்தின் அருமை தெரியும்.

அமைப்பைப் பொறுத்தவரை, செலவையும் எடையையும் ஒருசேரக் குறைப்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த வழி, ட்ரெக்கிங் கம்புகளால் நிறுத்தப்படும் டென்டுதான். எப்படியும் கையில் ஊன்றி நடக்கும் கம்புகளே இரவில் தூண்களாகிவிடுவதால், தனிக் கம்பிகளுக்கான விலையும் எடையும் மிச்சம். ஆனால் இது தானாக நிற்காது. முளைகளின் பிடிப்பில்தான் முழு டென்டும் நிற்கிறது. பாறைத் தளத்திலோ தளர்ந்த மணலிலோ அடிப்பதற்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். நடைக்குக் கம்பு பயன்படுத்தாதவருக்கு இதனால் லாபம் அதிகமில்லை. வளைகம்பிகளால் தானே நிற்கும் டென்டு சற்றுக் கனமானது என்றாலும், அடித்த பிறகு தூக்கி இடம் மாற்றலாம். முதல் டென்ட் வாங்குபவருக்கு அது தரும் நிம்மதி சிறியதல்ல. இரண்டுக்கும் நடுவே, தலைமாட்டில் தானாக நின்று கால்மாட்டில் மட்டும் முளை கேட்கும் வகையும் உண்டு.

உள்ளே வலைத்துணியும் வெளியே மழை மேலுறையுமாக வருவது இரட்டைச் சுவர். ஒரே துணியில் முடிவது ஒற்றைச் சுவர். ஒற்றைச் சுவர் எடை குறைந்ததுதான், ஆனால் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து துளிகளாகத் தேங்கும்போது, உங்களுக்கும் அந்தத் துளிகளுக்கும் இடையே எதுவும் இருக்காது. காற்றோட்டம் குறைந்த, ஈரப்பதம் மிகுந்த இடங்களில் நடப்பவர்கள் 200, 300 கிராம் கூடினாலும் இரட்டைச் சுவரையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலுறையின் உச்சியில் காற்றுத்துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

துணியின் பருமனை டெனியரில் சொல்வார்கள். 9000 மீட்டர் நூல் 20 கிராம் எடையிருந்தால் அது 20 டெனியர். 15 முதல் 20 டெனியர் வரையிலான துணி நல்ல இலேசு, ஆனால் முள்ளும் கூரான கல்லும் அதற்கு ஆகாது. எளிய விலை டென்டுகளில் நைலான், பாலியெஸ்டர் இரண்டுமே வருகின்றன. ஒரே பருமனில் நைலானுக்குக் கிழியாத வலு அதிகம். ஆனால் நனைந்தால் அது நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய நைலான் மேலுறை, மழை தொடங்கிய சில மணி நேரத்தில் தொய்ந்து, உள்வலையோடு ஒட்டிக்கொண்டு, என் முகத்தில் சொட்டத் தொடங்கிய ஓர் இரவை நான் மறக்கவில்லை. அன்று நடுநிசியில் வெளியே போய் ஒவ்வொரு இழுகயிறையும் மறுபடி இறுக்கிய பிறகுதான் உறங்க முடிந்தது. பாலியெஸ்டர் இந்த அளவுக்கு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். சற்றுக் கனமாக இருந்தாலும், மழைக்காலத்தில் நடப்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

நீர்த்தடுப்பு மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. துணியின் மேல் எவ்வளவு உயர நீர்த்தம்பம் நின்றால் நீர் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். மேலுறைக்கு 1500 மி.மீ. பெரும்பாலும் போதும். முழங்காலும் முழங்கையும் அழுத்தும் தரைக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. ஆனால் ஒழுகல் பெரும்பாலும் துணியில் தொடங்குவதில்லை, தையலில் தொடங்குகிறது. மேலுறையை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி, மூன்று தையல்கள் சந்திக்கும் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணியில் தையல் மேல் நாடா ஒட்டியிருப்பார்கள். அந்த மூலையில் நாடா சுருங்கியோ ஓரம் எழும்பியோ இருந்தால் மழை அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் நாடா ஒட்டாது. அதன் தையல்களைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். விலை குறைந்த டென்டுகளில் இந்த வேலையை வாங்குபவரிடமே விட்டுவிடுவது வழக்கம். தூரிகையும் ஒரு பிற்பகலும் இருந்தால் முடிந்துவிடும் என்பதால், இந்தக் குறைக்காக ஒரு நல்ல டென்டை ஒதுக்க வேண்டாம்.

கம்பிகளில் மட்டும் சமரசம் கூடாது. கண்ணாடியிழைக் கம்பி மலிவானது, ஆனால் கனமானது. பலத்த காற்றில் நீளவாக்கில் பிளந்து சிராய்களாக உதிரும், அந்தச் சிராய் துணியையும் கிழிக்கும். அலுமினியம் பெரும்பாலும் முதலில் வளையும், வளைந்ததை ஒரு சிறு குழாயைச் செருகி ஊர் திரும்பும்வரை ஓட்டிவிடலாம். 7001, 7075 என்ற எண்கள் குறிக்கப்பட்டிருந்தால் அது வலுவான அலுமினியக் கலவை.

கூடவே வரும் முளைகள் மோசமாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. நாலைந்து நல்ல அலுமினிய முளைகளை வாங்கிக் காற்று வரும் பக்கத்து மூலைகளில் அடித்தாலே டென்டின் நிலைப்பு மாறிவிடும். ஜிப் அப்படியல்ல, அதை மாற்றித் தைப்பது பெரிய வேலை. வாங்கும் முன், வளைவுகளில் துணி சிக்காமல் ஒரே கையால் ஓடுகிறதா என்று பலமுறை இழுத்துப் பாருங்கள்.

பணத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, முந்தைய ஆண்டு மாதிரியையோ பயன்படுத்தியதையோ வாங்குவது. பழைய டென்டை முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த நெடியும் தொட்டால் பிசுபிசுப்பும் இருந்தால், ஈரத்தில் மடித்து வைத்ததால் பூச்சு சிதைந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். சிறு கிழிசலும் வளைந்த கம்பியும் இருந்தால் பேரம் பேசி வாங்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உலர்ந்த, சுத்தமான தரையில் ஒருமுறை அடித்துப் பார்த்து, எல்லாத் தையல்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வைத்துக்கொள்வது என்று தீர்மானித்த பிறகு குழாய் நீரைக் கால் மணி நேரம் பீய்ச்சி, உள்ளே கைவிளக்கோடு உட்கார்ந்து மூலைகளைக் கவனியுங்கள். கசியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, உலர்ந்ததும் அடைத்து, மறுபடி நீர் பாய்ச்சிச் சோதித்த பிறகு அதை முதுகுப்பையில் வையுங்கள்.