அமெரிக்க ராணுவ விமானி ஆகும் கனவு: தரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் ஒரு பிள்ளை “நான் ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆகப் போறேன்” என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருபவர் ராஜா சாரி. அப்பா ஐதராபாத்திலிருந்து படிக்க வந்தவர். மகன் விமானப்படை அகாடமியில் படித்து, எஃப்-15இ போர் விமானம் ஓட்டி, சோதனை விமானியாகி, 2021-இல் விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டார். அடுத்து, கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய சுனிதா வில்லியம்ஸ். நல்ல முன்மாதிரிகள்தான். ஆனால் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள், பிறப்பிலேயே குடிமக்கள். எட்டு வயதில், வேலை விசாவில் வந்த பெற்றோரோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்திறங்கிய பிள்ளைக்கு அவர்கள் வழி அப்படியே பொருந்தாது. அந்தப் பிள்ளையின் வாய்ப்பு பெரும்பாலும் கை நழுவுவது, விமானத்தின் பக்கத்தில்கூடப் போகாத வயதில், பெற்றோர் எடுக்கும் அல்லது எடுக்காமல் தள்ளிப்போடும் முடிவுகளால்தான்.

கிரீன் கார்டு போதும் என்று நினைப்பது

படையில் சேர கிரீன் கார்டு போதும், உண்மைதான். ஆனால் அது சிப்பாய் நிலைக்கு. விமானப்படை, கடற்படை, மரைன் மூன்றிலும் விமானி என்றால் அதிகாரி. அதிகாரிக்குக் கல்லூரிப் பட்டமும் குடியுரிமையும் வேண்டும். தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டும் வாரன்ட் ஆபீசர்களுக்குப் பட்டம் கட்டாயமில்லை. குடியுரிமை அங்கேயும் கட்டாயம்.

எச்-4 விசாவிலோ, எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்குச் சிப்பாய் வழியும் இல்லை. இணையத்தில் தேடினால் “மாவ்னி திட்டத்தில் சேரலாம், தமிழ் தெரிந்தால் போதும்” என்று பழைய பதிவுகள் இன்னமும் கிடைக்கும். படைக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்க அப்படி ஒரு திட்டம் இருந்தது, அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்று அதை நம்பி ஒரு பிள்ளை இரண்டு வருடம் காத்திருந்தால் அந்த இரண்டு வருடமும் வீண். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் தெரிந்ததே. அதற்குள் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்தே வெளியேற நேரிடலாம். இந்த நிலையில் இருக்கும் குடும்பம் முதலில் போக வேண்டிய இடம் குடியேற்ற வழக்கறிஞரின் அலுவலகம். ஆள்சேர்ப்பு அலுவலகம் அப்புறம்தான்.

அப்பா அம்மா குடியுரிமையைத் தள்ளிப்போடுவது

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதிகம் பேசப்படாததும் இதுதான்.

பிள்ளைக்கு 18 வயது முடியும் முன்பு அப்பாவோ அம்மாவோ ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால், கிரீன் கார்டோடு அவர்களுடன் அமெரிக்காவில் வாழும் பிள்ளையும் அன்றே தானாகக் குடிமகனாகிவிடும். 2001 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. தனி விண்ணப்பம் இல்லை, தேர்வு இல்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்து தகுதி வந்த பிறகும், “ஊர்ல நிலம் இருக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டை ஏன் விடணும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நாட்கள் ஓடும். பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். பிறகு அந்தப் பிள்ளை தானே குடியுரிமைக்கான என்-400 படிவம் போட்டு, நேர்காணலுக்குப் போய், உறுதிமொழி எடுக்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சில மாதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மாதங்கள் விழுவது பன்னிரண்டாம் வகுப்பில். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் விமானப்படை அகாடமியில் சேரும் நாளில் குடியுரிமை கையில் இருக்க வேண்டும். வயது குறைந்தது 17, சேரும் வருடம் ஜூலை 1 அன்று 23-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, திருமணமோ குழந்தையோ இருக்கக் கூடாது. அதோடு தங்கள் பகுதி காங்கிரஸ் உறுப்பினர் அல்லது செனட்டரின் பரிந்துரை வேண்டும். அதற்கான வேலைகள் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. கல்லூரிகளில் நடக்கும் ஆர்ஓடிசி என்ற அதிகாரிப் பயிற்சியிலும் உதவித்தொகைக்குக் குடியுரிமை தேவை. ஆக, அப்பா ஒரு வருடம் சோம்பல்பட்டால் மகள் நான்கு வருடக் கல்லூரிச் செலவுக்கான உதவியை இழக்கலாம்.

இதிலேயே இன்னொன்று. பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு ஊரில் ஒரு வருடம் படிக்க வைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான ஐந்து வருடக் கணக்கில் கேள்வி எழும். ஒரு வருடம் ஆகிவிட்டால் கணக்கே அறுந்துவிடும்.

தானாகக் குடிமகனாகிவிட்ட பிள்ளைக்கு அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் இருப்பதும் சகஜம். யாரும் வீடு தேடி வந்து தர மாட்டார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டையோ, என்-600 படிவம் போட்டுக் கிடைக்கும் குடியுரிமைச் சான்றிதழையோ முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

“முதல்ல சேர்ந்துடு, அப்புறம் பறக்க விடுவாங்க”

கடை வீதியில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் பெரும்பாலும் சிப்பாய்களைத்தான் சேர்ப்பார்கள். பட்டம் முடித்த பையன் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு விமானி ஆகலாம் என்று நினைத்தால் சில வருடங்கள் அந்த ஒப்பந்தத்தில்தான் கழியும். விமானிகளை எடுக்கும் வழிகள் வேறு: அகாடமி, ஆர்ஓடிசி, பட்டதாரிகளுக்கு அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் நடக்கும் ஓடிஎஸ் என்ற அதிகாரிப் பயிற்சி. அதற்கென்று அதிகாரி ஆள்சேர்ப்பாளர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் பட்டம் இல்லாத, கிரீன் கார்டு மட்டும் இருக்கும் பிள்ளைக்குச் சிப்பாய் வழி நிஜமாகவே உதவும். படையில் பணியாற்றுபவர் குடியுரிமைக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பணியில் இருந்துகொண்டே படை தரும் கல்வி உதவியில் பட்டம் முடித்து ஓடிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். நீண்ட வழி. விமானப்படையில் விமானிப் பயிற்சியை 33 வயதுக்குள் தொடங்க வேண்டும் என்ற விதியை நினைவில் வைத்துக்கொண்டு, எந்த வருடம் என்ன முடிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

சொந்தபந்தங்களை மறைப்பது

பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவம் நம் ஆட்களைப் பயமுறுத்தும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், வெளிநாட்டுப் பயணங்கள், வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் கேட்பார்கள். மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பா அரசு வேலையில் இருக்கிறார், பிள்ளை பெயரில் பாட்டி இரண்டு மா நிலம் எழுதி வைத்திருக்கிறார், இதையெல்லாம் சொன்னால் வேலை போய்விடுமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். உறவு இருப்பது குற்றமில்லை. இரட்டைக் குடியுரிமையைக்கூட அதற்காக மட்டுமே காரணமாக்கி மறுப்பதில்லை. மறைத்தது தெரிந்தால்தான் சிக்கல். தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். பத்தாம் வகுப்பிலிருந்தே குடியிருந்த முகவரிகள், போன ஊர்கள், தேதிகள், சொந்தக்காரர்களின் விவரங்களை ஒரு நோட்டில் குறித்து வந்தால் பின்னால் தலைவலி இல்லை.

வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது குடியுரிமை இல்லை, பலரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாலும். வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்பது இந்திய அரசின் விதி. படையில் சேர்ந்தபின் ஊருக்கு வந்து போவது முன்போல இருக்காது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

உடம்பு விஷயம்

கண்ணாடி போட்டிருந்தால் விமானி ஆக முடியாது என்பது பழைய கதை. பார்வைக்கு வரம்புகள் உண்டு, ஆனால் கண்ணாடியோடு பறப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நிறக்குருடுதான் உண்மையான தடை. லேசர் சிகிச்சை செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டு ஊரில் மலிவாகச் செய்துகொண்டு வருவது தவறு. எந்த முறை, அதற்கு முன் கண்ணின் பவர் எவ்வளவு, முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உயரம் 64 அங்குலம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்ட பெண்களும் இருக்கிறார்கள். அந்தப் பொது வரம்பை 2020 மே மாதம் விமானப்படை எடுத்துவிட்டது. இப்போது உடலின் அளவுகளை எடுத்து, எந்த விமானத்துக்குப் பொருந்துகிறார் என்று பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய வம்பு வீசிங். ஊருக்குப் போன இடத்தில் தூசி, சளி. டாக்டர் நெபுலைசர் வைத்து, சீட்டில் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுப்பார். இங்கே திரும்பி வந்ததும் அம்மா அதை அப்படியே குழந்தை மருத்துவரிடம் சொல்ல, பதிவேட்டில் ஏறிவிடும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்தது என்ற பதிவு படையில் சேரத் தடை. விலக்கு கேட்டுப் போராட வேண்டும். மருத்துவப் பதிவுகளைப் படையினர் இப்போது கணினி வழியாகவே பார்க்கிறார்கள், அதனால் மறைத்துத் தப்பிக்க முடியாது. பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வந்தால் வைத்தியம் பார்க்காமல் இருக்கச் சொல்லவில்லை. முறையான நுரையீரல் சோதனை செய்து, உண்மையில் ஆஸ்துமாவா இல்லையா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படி கிடைக்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். படை வேலையை மட்டுமல்ல, குடியுரிமை விண்ணப்பத்தையே அது கெடுத்துவிடும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில

கிரீன் கார்டு வைத்திருக்கும் ஆண் பிள்ளைகளும் 18 வயதில் செலக்டிவ் சர்வீஸ் பட்டியலில், அதாவது கட்டாய ராணுவ சேவை வந்தால் அழைப்பதற்கான பட்டியலில், இருக்க வேண்டும். தானாக ஏறிவிடும் என்று விட்டுவிடாமல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது “வாக்காளராகப் பதியவா?” என்ற கேள்விக்கு, குடிமகன் ஆகாத பிள்ளை அவசரத்தில் ஆமாம் என்று டிக் அடித்துவிடக் கூடாது. குடிமகன் என்று பொய் சொன்னதாகிவிட்டால் அதிலிருந்து மீள்வது மிகவும் கடினம்.

தனியார் விமானி உரிமம் வாங்கினால்தான் எடுப்பார்கள் என்று பல்லாயிரம் டாலர் கொட்டுவதும் தேவையில்லை. பறந்த மணிநேரம், விமானிகளைத் தேர்ந்தெடுக்க விமானப்படை பார்க்கும் பிசிஎஸ்எம் மதிப்பெண்ணைக் கொஞ்சம் உயர்த்தும். ஓர் அளவுக்கு மேல் அதனால் பயனில்லை. குடிமகன் ஆகாதவர், கிரீன் கார்டு இருந்தாலும், பயிற்சிப் பள்ளியில் பறக்கத் தொடங்கும் முன் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி பெற வேண்டும். 12 வயதிலிருந்தே விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் கேடட்டாகச் சேரலாம். அங்கே அறிமுகப் பறப்புகள் இலவசம், கிரீன் கார்டு பிள்ளைகளுக்கும் இடமுண்டு. பறப்பது உண்மையிலேயே பிடிக்கிறதா, வயிற்றைக் குமட்டுகிறதா என்பது முதல் இரண்டு பறப்பிலேயே தெரிந்துவிடும். விமானப்படையில் பயிற்சி முடித்த நாளிலிருந்து பத்து வருடம் பணியாற்ற வேண்டும் என்பதால், தெரிந்துகொள்ள அதுவே சரியான வயது.